மலையை விட்டு இறங்கிய பிறகு

எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் பீரங்கிப் படையில் இருக்கிறான். 2025 மே மாதம் எல்லையில் குண்டுமழை பொழிந்தபோது பூஞ்ச் பக்கம் இருந்தவன். பிறகு லீவில் ஊருக்கு வந்தான். வந்து சில நாள் கழித்து அவன் அம்மா என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "ண்ணா, நீங்களும் மிலிட்டிரியில இருந்தவரு, அதான் கேக்கறேன். புள்ள சும்மா உக்காந்துனே இருக்கான். சிரிக்க மாட்றான், கோவப்பட மாட்றான். அவன வளத்த தாத்தா செத்துட்டாரு. அதச் சொன்னதுக்குக்கூட 'சரிம்மா'ன்னுட்டு கை கழுவ எழுந்து போறான். பாசமே போயிடுச்சாண்ணா?"

பாசம் எங்கேயும் போகவில்லை என்று அவருக்குச் சொன்னேன். 1999-இல் கார்கிலிலிருந்து வந்த நானும் இப்படித்தான் இருந்தேன், என்னோடு இருந்தவர்களும் இப்படித்தான் இருந்தார்கள். அந்தப் பையனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவனைப் பற்றி இதற்கு மேல் சொல்லப்போவதில்லை. வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பார். ஆகவே அன்று திண்ணையில் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்து எழுதினால் பல வீடுகளுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

நான் ஆர்மி மெடிக்கல் கோரைச் சேர்ந்தவன். லக்னோவில் பயிற்சி முடித்து நர்சிங் அசிஸ்டண்டாகப் பல இடங்களில் வேலை பார்த்து, ஹவல்தாராக ஓய்வு பெற்றேன். ரத்தத்தை நிறுத்துவது, கட்டுப் போடுவது, டிரிப் ஏற்றுவது, ஸ்ட்ரெச்சர் தூக்குவது, இறந்தவர்களின் உடலைத் துடைத்து அனுப்புவது, இவைதான் என் வேலை. நான் யாரையும் சுட்டதில்லை. சுட்டவர்களையும் சுடப்பட்டவர்களையும் தொட்டிருக்கிறேன். போர் ஒரு மனிதனுக்குள் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க அதைவிடக் கிட்டத்தில் ஓர் இடம் கிடையாது.

ஸ்ரீநகரிலிருந்து லே போகிற நெடுஞ்சாலை திராஸ் வழியாகத்தான் போகிறது. சாலைக்கு மேலே தோலோலிங் மலை. அதன் உச்சியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே போகிற ஒவ்வொரு லாரியும் தெரியும். 1999 மே மாதம் அந்த உச்சிகளில் பாகிஸ்தான் படையினர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் ஜவான்கள் ஏற ஆரம்பித்தார்கள். அங்கே மறைந்துகொள்ள ஒரு மரம் கிடையாது, புதர் கிடையாது. மொட்டைப் பாறை. பகலில் ஏறினால் மேலிருந்து கல்லை உருட்டிவிட்டாலே போதும். அதனால் ஏறுவதெல்லாம் ராத்திரியில். மே மாதக் கடைசியில் 18-வது கிரெனேடியர்ஸ் ஏறத் தொடங்கி, ஜூன் 13-ஆம் தேதி 2-வது ராஜ்புதானா ரைஃபிள்ஸ் அதைப் பிடிக்கும்வரை, எங்களுக்கு வேலை என்றால் விடியற்காலையில்தான். இரவெல்லாம் மலையில் ஆளை முதுகிலும் ஸ்ட்ரெச்சரிலும் இறக்கிக்கொண்டு வந்து சேர்க்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

வந்தவர்களின் உடையைக் கழற்ற முடியாது, வெட்டத்தான் வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாகக் குளிருடைகள். அவற்றில் ஊறிய ரத்தம் உறைந்து துணி தகடாக நிற்கும், கத்தரிக்கோல் வழுக்கும். சலைன் பாட்டில்கள் குளிரில் உறைந்துவிடும் என்பதால் அவற்றை எங்கள் சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்திருப்போம். ஒரு பாட்டிலை எடுத்து அடுத்ததைச் செருகிக்கொள்ளும்போது அந்தச் சில்லிப்பு உடம்பெல்லாம் ஏறும். இன்றுவரை அந்த இடத்தில் தோல் அதை ஞாபகம் வைத்திருக்கிறது.

முதல் சில நாட்கள் ஒவ்வொரு முகமும் மனதில் நின்றது. இவன் பல் கொஞ்சம் எடுப்பு, இவன் கையில் ஓம் என்று பச்சை குத்தியிருக்கிறான், இவன் வயசு என் தம்பி வயசு என்றெல்லாம் தோன்றும். பிறகு அது நின்றுபோனது. நானாக நிறுத்தவில்லை, தானாக நின்றது. முகம் போய்க் காயம் மட்டும் தெரிய ஆரம்பித்தது. தொடையில் ஸ்ப்ளின்டர் என்கிற குண்டுச் சிதறல், வயிற்றில் குண்டு, பனிக்கடியில் கறுத்த விரல்கள். ஒரு நாள் காலை, வரிசையாகக் கிடத்திப் போர்த்தியிருந்த உடல்களுக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து பூரியும் ஆறிப்போன உருளைக்கிழங்கும் தின்றோம். யாருக்கும் தொண்டையில் சிக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் தூக்கிய ஒருவன் இன்னும் ஒரு பூரி இருக்கிறதா என்று கேட்டான். இதைப் படிக்கிற உங்களுக்கு அருவருப்பாக இருக்கும். அன்று எங்களுக்கு அது வெறும் காலைச் சாப்பாடு.

மரத்துப்போகிற இந்த நிலையைக் கொடூரம் என்று நினைப்பவர்கள் உண்டு. வருகிற ஒவ்வொருவனுக்காகவும் நான் உட்கார்ந்து அழுதிருந்தால் நான்காவது ஆளுக்கு ஊசி போட என் கை நின்றிருக்காது. மனசு தன் கதவைச் சாத்திக்கொண்டுதான் என்னை வேலை செய்யவிட்டது. சாத்துவதற்கு ஒரு கணம் போதுமாக இருந்தது. திறப்பதுதான் பெரும் பாடு.

சாத்திய கதவு எந்தச் சந்தில் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்களுக்குச் சற்றுக் கீழே சாலையோரம் போபர்ஸ் பீரங்கிகள் நின்றன. அந்தப் போரில் நம் பீரங்கிப் படை சுட்ட குண்டுகளும் ராக்கெட்டுகளும் 2,50,000-க்கு மேல் என்பார்கள். அங்கே ஒரு கன்னர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், எனக்கு அண்ணன் முறை வைத்துப் பழகியவர். தான் சுட்ட குண்டு எங்கே விழுந்தது, யார் மேல் விழுந்தது என்று அவர் பார்த்ததே இல்லை. வயர்லெஸ்ஸில் கணக்கு வரும், குழலைத் திருப்புவார்கள், சுடுவார்கள். எதிர்க் குண்டு விழுந்து அவர் கூட்டாளி ஒருவன் செத்தபோது அவர் கண்ணில் ஈரமில்லை. உடலை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த குண்டைத் தூக்கப் போய்விட்டார். பத்துப் பதினைந்து நாள் கழித்து அவருக்கு வீட்டிலிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. அம்மா சொல்லச் சொல்ல யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கிறது, நீ வந்து பேர் வை என்று இருந்தது. அந்த மனுஷன் லெட்டரை மடியில் வைத்துக்கொண்டு அழுத அழுகையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. செத்த நண்பனுக்கு வராத கண்ணீர் கன்றுக்குட்டிக்கு வந்தது. அதில் எல்லாருக்குமான கண்ணீரும் இருந்தது.

இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. தாத்தா சாவுக்கு அழாதவன் வேறு எதற்காவது அழுவான், அப்போது "இதுக்குப் போயா அழற?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்றேன். வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதில் முதலாவது இதுதான்.

கோபம் வேறு வகை. அது மரத்துப்போவதில்லை, வளரும். கேப்டன் சௌரப் காலியாவும் அவரோடு ரோந்து போன ஐந்து ஜவான்களும் மே மாத மத்தியில் பிடிபட்டார்கள். ஜூன் 9-ஆம் தேதி அவர்கள் உடல்கள் திரும்பி வந்தன. சித்திரவதை செய்யப்பட்டிருக்கிறார்கள் என்று நம் அரசு அறிவித்தது, பாகிஸ்தான் மறுத்தது. அந்தச் செய்தி வாய்வழியாகப் பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி பரவிய வாரத்தில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்வது கடினம். தேநீர் குடிக்கிற இடத்தில் பேச்சு மாறியது. அதுவரை 'துஷ்மன்', அதாவது எதிரி, என்றவர்கள் வேறு வார்த்தைகளில் பேசினார்கள். சாதுவான, விரதமெல்லாம் இருக்கிற ஒரு பையன், கையில் கிடைத்தால் நான் என்னென்ன செய்வேன் தெரியுமா என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். யாரும் அவனை நிறுத்தவில்லை. எனக்கும் அவன் பேச்சு பிடித்திருந்தது. அந்தப் போரில் எங்கள் உயிருக்கு ஆபத்தான நாட்கள் பல. எங்கள் மனிதத்தன்மைக்கு மிக ஆபத்தானது அந்த வாரம்.

எங்கள் டாக்டர் சாப் ஒரு மேஜர். அதிகம் பேசாதவர். அந்த வாரத்தில் ஒரு மாலை எங்களை வரிசையாக நிற்க வைத்து, பயிற்சியில் முதல் மாதம் சொல்லிக்கொடுத்ததைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிரையாரிட்டி ஒன்று யார், இரண்டு யார், மூன்று யார்? மூச்சுத் திணறுகிறவன், ரத்தம் நிற்காதவன் முதலில். தாமதம் தாங்குகிறவன் அடுத்து. நடக்க முடிந்தவன் கடைசி. "இதில் எந்த நாட்டுக்காரன் என்று எங்காவது வருகிறதா?" என்று கேட்டார். "நோ சார்" என்றோம். "எதிரியின் ஆள் காயத்தோடு வந்தால் அவனும் இந்த வரிசையில்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 1949 ஜெனீவா ஒப்பந்தம் சொல்வதும் அதேதான்: காயம்பட்டவனைப் பார்ப்பதில் பாகுபாடு கூடாது, மருத்துவக் காரணம் ஒன்றை வைத்துத்தான் முன்பின் தீர்மானிக்க வேண்டும். மேஜர் எங்களுக்கு அன்பைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. செய்திருந்தால் அன்றிருந்த நிலையில் ஒருவர் காதிலும் ஏறியிருக்காது. பழகிய ஒரு வரிசையை ஞாபகப்படுத்தினார், அவ்வளவுதான். அந்த வரிசையைக் கை மறக்கவில்லை.

பின்னால் உச்சிகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தபோது அங்கே கிடந்த பாகிஸ்தான் வீரர்களின் உடல்கள் பிரச்சினையாயின. அவர்கள் ராணுவத்தினர் அல்ல, முஜாஹிதீன்கள் என்று அவர்கள் நாடு அப்போது சொல்லிக்கொண்டிருந்ததால் பெரும்பாலான உடல்களைப் பெற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் பாகிஸ்தான் ராணுவத்தின் நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி படைக்காரர்கள் என்பதற்குச் சட்டைப் பைகளில் இருந்த சம்பளப் புத்தகங்களும் கடிதங்களுமே சாட்சி. நம் ராணுவமே மௌல்வியை வைத்து, தொழுகை நடத்தி அவர்களை அடக்கம் செய்தது. ஒரு அடக்கத்துக்கு முன் உடலைச் சோதிக்கும் வேலையில் நானும் இருந்தேன். உள்பையில் நான்காக மடித்த உருதுக் கடிதம் ஒன்று. உருது படிக்கத் தெரிந்த கிரெனேடியர் ஒருவர் மெல்ல வாசித்து ஹிந்தியில் சொன்னார். வீட்டுக் கூரை ஒழுகுகிறது, மழைக்கு முன் நீ வந்தால் தேவலை, சின்னவன் உன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறான். இவ்வளவுதான் அதில் இருந்தது. போன மாதம் சித்திரவதையை வரிசைப்படுத்திப் பேசிய அதே பையன் என் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. குழியின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த கல்லைக் குனிந்து பெயர்த்து எடுத்துவிட்டு, உடல் இடிபடாமல் போக வழி செய்தான்.

அவன் மனம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கோபம் அப்படியேதான் இருந்திருக்கும். குழி வெட்டுகிறவன் ஒழுங்காக வெட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், அதைச் செய்தான். டைகர் ஹில் சண்டையில் கேப்டன் கர்னல் ஷேர் கான் (கர்னல் என்பது அவர் பெயரிலேயே இருப்பது, பதவி இல்லை) என்ற பாகிஸ்தான் அதிகாரி காட்டிய வீரத்தைப் பார்த்த நம் பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா, இவர் துணிச்சலோடு போரிட்டார் என்று ஒரு குறிப்பெழுதி உடலின் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். ஷேர் கானுக்குப் பாகிஸ்தான் தன் மிக உயர்ந்த ராணுவ விருதான நிஷான்-இ-ஹைதரைக் கொடுத்தது. தன் ஆட்களைக் கொன்றவனுக்குச் சாட்சி எழுத ஒரு தளபதிக்கு எப்படி மனம் வந்தது என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். வீரனுக்கு உரியதைச் செய்ய வேண்டும் என்பது அவருக்குள் மனநிலையைப் பொறுத்து வந்து போகிற விஷயமாக இருந்திருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. போரில் அன்பு, இரக்கம் எல்லாம் முதலில் ஓய்ந்துபோகும். முறைகளும் பழக்கங்களும் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் தாங்கும். அந்தக் கொஞ்ச நாளில் ஒருவன் மனிதனாகவே இருந்துவிட்டால், இரக்கம் திரும்பி வரும்போது அவனால் அதைக் கையில் வாங்க முடியும். கண்ணெதிரே முறை தவறியவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள்தான் பிற்காலத்தில் மிகவும் கஷ்டப்பட்டார்கள். என்ன நடந்தது என்று நான் எழுத மாட்டேன். அது அவர்கள் சொல்ல வேண்டியது.

முறையாக நடந்துகொண்டவனுக்கும் பாரம் இல்லாமல் போவதில்லை. ஒரு நாள் சீட்டா ஹெலிகாப்டர் வந்தது. அதில் ஏற்ற முடிந்தது ஓரிருவரைத்தான். ஸ்ரீநகர் 92-வது பேஸ் ஹாஸ்பிடலுக்கு யாரை அனுப்புவது என்று மேஜர் முடிவு செய்தார், நான் தூக்கி ஏற்றினேன். விடப்பட்டவன் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி எங்களைப் பார்த்தான். கேட்கவில்லை, கெஞ்சவில்லை. தலையை மட்டும் சற்றுத் திருப்பினான், இறக்கைக் காற்றில் புழுதி கண்ணில் விழாமல் இருக்க. அவன் பிழைக்கவில்லை. முடிவு சரியானதுதான், போனவன் பிழைத்தான். இது எனக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும். தெரிந்தும் அது போகவில்லை. ஆகவே வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன்: ஒரு ராணுவத்தான் என்றைக்காவது இப்படி ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால், முதல் வாக்கியத்திலேயே "உன் மேல என்ன தப்பு?" என்று ஆறுதல் சொல்லி மூடிவிடாதீர்கள். தப்பில்லை என்பது அவனுக்கே தெரியும். அவனுக்கு வேண்டியது, புழுதி விழாமல் தலையைத் திருப்பியதுவரை சொல்லி முடிக்க ஒரு ஆள்.

ஜூலை 26-ஆம் தேதி போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. நம் பக்கம் 527 பேர் இறந்தார்கள், 1,300-க்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அந்த 527-இல் திருச்சி மேஜர் மாரியப்பன் சரவணன் ஒருவர். மே மாதக் கடைசியில் படாலிக் பகுதியில் விழுந்த அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பெற்றவர்கள் அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். காயமடைந்தவர்கள் கணக்கில் என் கன்னர் அண்ணன் கிடையாது, நானும் கிடையாது. எங்கள் மேல் ஒரு கீறல் இல்லை.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் நின்று படிப்பேன். 14 பேருக்குக் கல் இருக்கிறது. மீதி 263 பேர் ஊருக்குத் திரும்பி வந்து எப்படித் தூங்கினார்கள், யாரிடம் பேசினார்கள் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் பெண்டாட்டிகளுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

என் மனைவிக்குத் தெரியும். காட்பாடி ஸ்டேஷனில் மாலையோடு ஊரே வந்து நின்றது. டிவியில் சவப்பெட்டிகளைப் பார்த்துப் பார்த்துப் பயந்திருந்தவர்கள், பாவம். வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஒரு உறவுக்காரர் "எத்தினி பேரப் போட்டீங்க மாப்ள?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைத் தயவுசெய்து யாரிடமும் கேட்காதீர்கள். சுட்டவனுக்கு அது தாங்காது. சுடாதவனுக்கும், உயிரோடு வந்ததே குற்றம் என்று ஏற்கெனவே உறுத்துகிறவனுக்கும், அது வேறு விதமாக வலிக்கும். "நல்லா வந்து சேந்தியா, சாப்டியா" போதும்.

வீட்டில் அப்போது பம்ப் ஸ்டவ். அம்மா அதைப் பற்ற வைத்ததும் மண்ணெண்ணெய் வாசனை வரும். எனக்குக் கை சில்லிட்டுப் போகும், வயிறு இறுகும். காரணம் புரியவே எனக்குப் பல நாள் ஆனது: பதுங்குகுழியிலும் எங்கள் மருத்துவக் கூடாரத்திலும் புகாரி அடுப்பு எரிந்தது மண்ணெண்ணெயில்தான். காயம்பட்டவர்களைப் பார்த்த நேரமெல்லாம் மூக்கில் அந்த வாசனை இருந்திருக்கிறது. மனைவிதான் கண்டுபிடித்தாள். அம்மாவிடம் ஒரு வார்த்தையும் விளக்காமல், "அத்தை, ஸ்டவ்வ நான் பின்கட்டுல வச்சிக்கறேன்" என்று எடுத்துப் போய்விட்டாள். வெடிச் சத்தத்துக்கு ராணுவத்தான் பயப்படுவான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், தீபாவளிக்கு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். வாசனையை யாரும் நினைப்பதில்லை. உங்கள் வீட்டுப் பையன் காரணமில்லாமல் முகம் வெளுத்து எழுந்து போனால், அந்த நேரத்தில் வீட்டில் என்ன வாசனை, என்ன சத்தம், என்ன வெளிச்சம் என்று கவனித்துப் பாருங்கள். இரண்டு மூன்று முறை கவனித்தால் பிடிபட்டுவிடும்.

தூக்கத்தில் இருப்பவனைத் தொட்டு எழுப்பாதீர்கள். கதவருகே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். குழந்தைகளை விட்டு மேலே ஏறி எழுப்பச் சொல்லவே கூடாது. அவன் கை தானாக ஓங்கும், பிறகு அதை நினைத்து அவன் உடைந்துபோவான். கதவைப் பார்த்தமாதிரி படுக்கிறேன் என்றால் கட்டிலைத் திருப்பிப் போட்டுவிடுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம்.

நாளை அவனுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, தினமும் அதே நேரத்தில். மனசு ஓய்ந்திருக்கும்போது அங்கே எங்களைத் தாங்கியதும் பழக்கம்தான். வீட்டிலும் அதுதான் தாங்கும். எனக்கு என் மகளுக்குத் தலை பின்னிவிடுகிற வேலையை மனைவி கொடுத்தாள். மகளைப் பார்த்து எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை என்பதே உண்மை. எந்தத் தகப்பனுக்கும் வெளியில் சொல்ல முடியாத விஷயம் அது. ஆனாலும் தினமும் காலையில் உட்கார்ந்து எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, ரிப்பன் கட்டினேன். மாதங்கள் போயின. ஒரு காலையில் ரிப்பன் முடிச்சைச் சரியாகப் போடவில்லை என்று அவள் என் முழங்காலில் அடித்தாள், எனக்குச் சிரிப்பு வந்தது. பின்கட்டிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

குடியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது பொய்க் கட்டுரையாகிவிடும். கேன்டீனில் ரம் கிடைக்கும், கோட்டா உண்டு, ஊரில் அதற்கு மரியாதை உண்டு, மாமன் மச்சான் எல்லாரும் அதற்காகவே சுற்றுவார்கள். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும். பின்னிரவில் அதே குடிதான் தூக்கத்தை உடைக்கும், கெட்ட கனவோடு எழுப்பும், மறுநாள் இன்னும் கொஞ்சம் கேட்கும். மருத்துவக்காரனாகச் சொல்கிறேன், இதைத் தூக்க மருந்தாக நினைத்தவர்களில் பலரை நான் நல்லபடியாகப் பார்க்கவில்லை. வீட்டில் சண்டை போட்டுத் தடுப்பதைவிட, எந்த நேரத்தில் குடிக்கத் தோன்றுகிறது என்று பார்த்து அந்த நேரத்துக்கு ஒரு துணை ஏற்பாடு செய்யுங்கள். சாயங்காலம் டீக்கடையில் கூடுகிற பழைய பட்டாளத்துக்காரர்கள் பல ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் விளக்க வேண்டியதே இல்லை. பாதி நேரம் பென்ஷனைப் பற்றித்தான் பேசுவோம். அதுவே போதுமான மருந்தாக இருக்கும்.

போதாத நேரமும் உண்டு. கெட்ட கனவு, சட்டென்று பழைய காட்சிக்குள் போய்விடுவது, ஆட்களையும் இடங்களையும் ஒதுக்குவது, எப்போதும் விறைப்பாகவே இருப்பது, எதிலும் மனம் ஒட்டாதது, இவையெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வேலையையும் வீட்டையும் கெடுத்தால் டாக்டரிடம் போக வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் துப்பாக்கி, பூச்சிமருந்து இருந்தால் அன்றே அப்புறப்படுத்துங்கள். முதல் உலகப் போரிலேயே டாக்டர்கள் இந்த நிலையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு, என்று 1980-இல் பெயர் வைத்தார்கள். பேச்சு வழிச் சிகிச்சையும் மாத்திரையும் இருக்கின்றன, இரண்டும் வேலை செய்கின்றன.

பணியில் இருப்பவர்கள் போகத் தயங்குவதற்குக் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். ஷேப் ஒன் என்கிற முழு உடல்தகுதி போய்விடும், லோ மெடிக்கல் கேட்டகரி என்கிற குறைந்த தகுதி ஆகிவிட்டால் புரமோஷன் நின்றுபோகும், கூட இருப்பவன் "தலை கழண்ட கேஸ்" என்பான் என்ற பயம். நியாயமான பயம்தான், இல்லை என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். ஆனால் மறைத்து வைத்தவன் கேட்டகரியை மட்டும் காப்பாற்றிக்கொண்டு குடும்பத்தை இழந்ததையும் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் போனவன் சரியாகிக் கேட்டகரியைத் திரும்ப ஏற்றிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். யூனிட் டாக்டரிடம் நேராகப் போக மனமில்லை என்றால் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-க்குப் போன் செய்யலாம். இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம். 2022-இல் தொடங்கிய இந்தச் சேவையில் படைகளுக்கென்று தனிப் பிரிவும் பிறகு வந்தது. மனைவியோ அம்மாவோகூடக் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம். ஓய்வு பெற்றவர்களுக்கு இசிஹெச்எஸ் என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக் இருக்கிறது. அங்கிருந்து மனநல மருத்துவரிடம் ரெஃபரல் வாங்கலாம். கார்டை எடுத்துக்கொண்டு போங்கள், கூட ஒருவர் போங்கள். "தூக்கமில்லை" என்று மட்டும் சொன்னால் மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். எங்கே பணியில் இருந்தார், என்ன பார்த்தார், எப்போதிருந்து இப்படி என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் டாக்டருக்கும் சுலபம். அவர் வாய்திறந்து சொல்லவும் வேண்டியதில்லை.

கன்னர் அண்ணனுக்கு அந்தத் தாளை எழுதியது நான்தான். ஒரு காதில் கேட்காத அவரைக் கூட்டிக்கொண்டு போனது அவர் மருமகள். போர் முடிந்து வெகு காலத்துக்குப் பிறகு, அறுபதை நெருங்கும்போதுதான் போனார். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், மாதம் ஒரு முறை டாக்டரைப் பார்க்கிறார். தான் சுட்ட குண்டுகள் எங்கே விழுந்திருக்கும் என்ற கேள்வியை முதல்முறையாக அங்கேதான் வாய்விட்டுக் கேட்டாராம். டாக்டர் பதில் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார் என்று என்னிடம் சொன்னார். அடுத்த தடவை போகும்போது அந்தக் கூட்டாளி செத்த நாளைப் பற்றிப் பேச வேண்டும் என்றிருக்கிறார். தேதி சரியாக ஞாபகமில்லை, உன்னிடம் இருக்குமா என்று போன வாரம் போன் செய்தார். எனக்கு ஞாபகம் இருந்தது, சொன்னேன்.